பாகத்தை மாற்றும் முன்

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஹாஃப்-கட் கடைகளுக்குள் நுழைந்தால் ஜப்பானின் ஒரு தலைமுறைக் கார்கள் முன்பாதி மட்டும் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். லான்சர் எவலூஷன், இம்ப்ரெஸா, சில்வியா, சிவிக். குறுக்கே வெட்டிக் கொள்கலனில் ஏற்றி அனுப்பியவை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயரிங், எஞ்சின் கணினியான ஈசியு, முன் பிரேக் எல்லாம் அதிலேயே இருக்கும். அந்த வரிசைக்கு நடுவே நின்று, சேர்த்து வைத்த பணத்தை எதில் போடுவது என்று தவிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தம்பிகளுக்கு மட்டுமல்ல, தங்கச்சிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெண்பிள்ளைகள் ஸ்பேனர் பிடிப்பதைப் பார்க்கையில் எனக்கு மனம் நிறைகிறது.

இந்தக் கார்களை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு போல்டுக்கும், ஒவ்வொரு இடைவெளிக்கும் ஓர் அளவை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முப்பது வருஷம் கழித்தும் அந்த அளவு அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது கார்தான். ரப்பர் காய்ந்திருக்கும், எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும், முன்பு வைத்திருந்த நாலைந்து பேரின் கைவேலை உள்ளே இருக்கும். முதலில் காரை அதன் பிறந்த அளவுக்குக் கொண்டு வா. வேகத்துக்கான பாகம் அதற்குப் பிறகு. கீழே சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. பழுது எது என்று தெரியும்வரை பாகம் வாங்காதே.

தொண்ணூறுகளின் சிவிக், இன்டெக்ரா வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தத் தொல்லை தெரியும். காலையில் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. கதவைத் திறந்து போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். உடனே பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள். அப்புறம் பிளக், அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர். பல நேரம் கோளாறு டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் மெயின் ரிலேயில் இருக்கும். அதன் உள்பலகையில் ஈய ஒட்டு மயிரிழைபோல் வெடித்திருக்கும். சூட்டில் தொடர்பு அறுந்து, குளிர்ந்ததும் மறுபடி சேரும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் பின் சீட்டுப் பக்கமிருந்து பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். கிளம்பாத நேரத்தில் அந்த முனகல் இல்லையென்றால், பம்பைத் தொடுவதற்கு முன் ரிலேயைக் கழற்றித் திறந்து பார். பழைய ஈயத்தை உருக்கி எடுத்துப் புதிதாக ஒட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

கார் தானே பேசவும் செய்யும். அந்தக் கால ஹோண்டாக்களில் பயணி பக்கத்து டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு கம்பி உள்ள சின்ன கனெக்டர் ஒன்று இருக்கும். அதைக் கம்பித் துண்டால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னிப் பழுது எண்ணைச் சொல்லும். நீண்ட மின்னல் பத்து, குட்டை மின்னல் ஒன்று. டொயோட்டாவில் பானெட்டுக்குக் கீழே உள்ள பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளை இணைக்க வேண்டும். அதே காலத்து நிஸ்ஸானில் 55 வந்தால் பழுது எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். எண் ஒரு சென்சாரைக் காட்டினால் சென்சார்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதே. அதற்குப் போகும் கம்பி, கனெக்டர், எர்த் மூன்றையும் மல்டிமீட்டரால் அளந்த பிறகு கடைக்குப் போ.

2. உன் காருக்கான வொர்க்‌ஷாப் புத்தகத்தைத் தேடிப் பிடி. 

காணொளி பார்த்துச் செய்யலாம், தவறில்லை. ஆனால் காணொளியில் இருப்பவர் கார் உன் கார் இல்லை. எவோ என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதில் சிஇ9ஏ, சிஎன்9ஏ, சிபி9ஏ, சிடி9ஏ என்று வெவ்வேறு உடல்கள் இருக்கின்றன. எவோ 3-க்கும் எவோ 4-க்கும் எஞ்சின் பெயர் ஒன்றே. ஆனால் எஞ்சின் அறைக்குள் அது உட்காரும் திசையே மாறிவிட்டது. சுபாரு இஜே20 என்பதும் ஒரு குடும்பப் பெயர்தான். இஜே20ஜி, இஜே20கே, இஜே205, இஜே207 எல்லாம் தனித்தனி. பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் சேசிஸ் எண்ணையும் மாடல் குறியீட்டையும் பார்த்து எழுதிக்கொண்டு, அதைச் சொல்லியே பாகம் கேள். "எவோவுக்கு வாட்டர் பம்ப் கொடுங்கண்ணே" என்று கேட்டால் கடைக்காரர் கையில் கிடைப்பதைத்தான் கொடுப்பார்.

ஜப்பானியப் புத்தகம் கிடைத்தால் மொழி தெரியாது என்று ஒதுக்காதே. படமும் எண்ணும் உனக்குப் புரியும். ஒன்றை மட்டும் கவனி: பழைய ஜப்பானியப் புத்தகங்களில் இறுக்கும் அளவு கிலோகிராம்-மீட்டரில் இருக்கும். அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன்-மீட்டர். சக்கர நட்டுக்கு 11 என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 108 நியூட்டன்-மீட்டர். இந்தக் கணக்கைப் பென்சிலால் புத்தக ஓரத்திலேயே எழுதி வை.

3. ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட். 

இதில் பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஒரு போல்டுதான், ஒரே நிமிஷம்தான் என்று ஜாக்கை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதே. சமதளத்தில் நிறுத்து, சக்கரத்துக்குக் கட்டை வை, ஸ்டாண்டில் இறக்கியபின் காரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார், அப்புறம் உள்ளே போ. காயில் ஸ்பிரிங்கை அமுக்கும் வேலையை முதல் வருஷம் அனுபவமுள்ள ஃபோர்மேனிடம் கொடு. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். ஸ்டீயரிங், டாஷ்போர்டு பக்கம் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக். பேட்டரி எதிர்முனையைக் கழற்றி, புத்தகம் சொல்லும் நேரம் காத்திருக்காமல் அதில் கை வைக்காதே. பெட்ரோல் குழாயைக் கழற்றுமுன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடு, குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

4. ஜப்பான் காருக்கு ஜப்பான் அளவுக் கருவி. 

ஹோண்டாவின் பிரேக் டிஸ்கைப் பிடித்திருக்கும் இரண்டு குறுக்குவெட்டுத் திருகுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அதன் தலையை வழித்துவிட்டு, துளை போட்டு எடுத்துவிட்டு, ஹோண்டாவைத் திட்டாதவர்கள் குறைவு. அந்தத் திருகின் தலை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டது. பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே இருக்கும். பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதன் அடிவரை இறங்காது. திருப்பும்போது மேலே ஏறி நழுவி உலோகத்தைச் சீவிவிடும். ஜேஐஎஸ் 2-ம் எண்ணிலும் 3-ம் எண்ணிலும் ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவர், கூடவே சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கு. டிஸ்க் திருகு, கார்புரேட்டர் திருகு, த்ராட்டில் சென்சார் திருகு எல்லாம் தலை கெடாமல் கழன்று வரும். உன் முதல் சம்பளத்தில் இதை வாங்கு, எக்ஸாஸ்ட் அப்புறம் வாங்கலாம்.

சாக்கெட் பெட்டியும் அப்படித்தான். ஜப்பானில் 8 மி.மீ. போல்டின் தலை 12 மி.மீ., 10 மி.மீ. போல்டின் தலை 14 மி.மீ. ஜெர்மன் கார்களின் 13 இங்கே அநேகமாகப் பயன்படாது. 10, 12, 14, 17, 19 இந்த ஐந்திலும் அறுமுனை சாக்கெட் நல்லதாக வாங்கு. பன்னிருமுனை வேண்டாம், முனை தேய்ந்த போல்டில் அது வழுக்கும்.

மரை விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சக்கர நட்டு ஹோண்டா, டொயோட்டா, மிட்சுபிஷி, மஸ்டாவில் 12 மி.மீ., இழை இடைவெளி 1.5. நிஸ்ஸானிலும் சுபாருவிலும் அதே 12 மி.மீ., இடைவெளி 1.25. வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறும், பிறகு கனக்கும். அங்கே இம்பாக்ட் கன்னை வைத்து அழுத்தினால் ஸ்டட் போய்விடும். எந்த நட்டையும் போல்டையும் முதல் சில சுற்று விரலால்தான் ஏற்ற வேண்டும்.

ஆயில் பிரஷர் மீட்டர் பொருத்தப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஜப்பான் எஞ்சின்களில் அந்த சென்சார் துளை பொதுவாக 1/8 அங்குல பிஎஸ்பிடி மரை, அங்குலத்துக்கு 28 இழை. அமெரிக்க மீட்டரோடு வரும் சென்சார் 1/8 என்பிடி, 27 இழை. ஒரே ஓர் இழை வித்தியாசம். டேப் சுற்றி முறுக்கினால் ஏறிவிடும், அலுமினியம் வெடிக்கும். அதற்கென்று விற்கும் அடாப்டரைப் போடு.

5. டார்க் ரெஞ்ச் வாங்கு, வாங்கினால் மதித்து வைத்திரு. 

போல்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதே. வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வை. புத்தகம் உலர்ந்த மரைக்கு அளவு சொல்லியிருக்க, நீ எண்ணெய் தடவி இறுக்கினால் அதே எண்ணில் போல்ட் மிக அதிகமாக இழுபடும். எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால் தடவு, சொல்லாத இடத்தில் தடவாதே. என்ஜிகே கம்பெனி தன் பிளக்குகளின் மரையில் எதையும் பூச வேண்டாம் என்றே சொல்கிறது.

சில போல்டுகள் இறுக்கும்போதே நீள்வதற்கென்று செய்யப்பட்டவை. எவோவின் சிலிண்டர் ஹெட் போல்ட் அந்த வகை. 78 நியூட்டன்-மீட்டர் இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, 20-க்கு இறுக்கி, பிறகு 90 பாகை, இன்னொரு 90 பாகை. பழைய போல்டை மறுபடி போடுமுன் தண்டின் நீளத்தை அள. 99.4 மி.மீ.-ஐத் தாண்டியிருந்தால் தூக்கிப் போடு. பணம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

6. டைமிங் பெல்ட்டை முதல் பெரிய வேலையாக வைத்துக்கொள், அவசரப்படாமல் செய். 

எஸ்ஆர்20, எஃப்20சி போன்றவற்றில் சங்கிலி. 4ஜி63, இஜே20, ஆர்பி26, 2ஜேஇசட், ஹோண்டாவின் பி வரிசை எல்லாம் பெல்ட். பெல்ட்டின் வயது உனக்குத் தெரியவில்லையென்றால் அது இன்றைக்கு அறுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு மாற்று. ஹாஃப்-கட்டிலிருந்து வரும் எஞ்சின் என்றால் காருக்குள் இறக்குவதற்கு முன்பே மாற்று. ஸ்டாண்டில் நிற்கும் எஞ்சினில் அரை நாள் வேலை, காருக்குள் போனபின் முழங்கைத் தோலை உரிக்கும் வேலை.

மிட்சுபிஷி 4ஜி63-ஐப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், நம் ஊரில் அதிகம் கைபடும் டர்போ எஞ்சின்களில் அது ஒன்று. அதில் இரண்டு பெல்ட். பெரியது கேம்களையும் ஆயில் பம்பையும் சுற்றுகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் சின்னது ஒரு பேலன்ஸ் ஷாஃப்டைச் சுற்றுகிறது. பெரியதை மட்டும் மாற்றிவிட்டுச் சின்னதை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சின்ன பெல்ட் அறுந்து பெரியதற்குள் சிக்கினால் கேம் நிலை தவறும். இந்த எஞ்சினில் நிலை தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதும். பல நூறு ரிங்கிட்டில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

இன்னொரு கண்ணி ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட்டில் இருக்கிறது. அடையாளக் கோட்டைச் சரியாக நிறுத்தியிருப்பாய். ஆனால் அதனோடு இணைந்த பேலன்ஸ் ஷாஃப்ட் உள்ளே அரைச் சுற்றுத் தள்ளி நிற்கலாம். வெளியே எதுவும் தெரியாது. வண்டி ஓடும், ஆனால் உடல் முழுக்க ஒரு நடுக்கம் இருக்கும். எஞ்சின் மவுண்ட், கிளட்ச் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார்கள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு மூடி போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றி 8 மி.மீ. தடிமன் கொண்ட ஸ்க்ரூடிரைவரை நுழை. 60 மி.மீ. உள்ளே போனால் சரி. 20, 25 மி.மீ.-லேயே முட்டினால் ஸ்ப்ராக்கெட்டை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி பார். பெல்ட் ஏறும்வரை அந்த ஸ்க்ரூடிரைவர் அங்கேயே இருக்கட்டும்.

ஹைட்ராலிக் டென்ஷனரை வைஸில் வைத்து மெதுவாக, மிக மெதுவாக அமுக்கு. துளைகள் நேர்பட்டதும் கம்பியைச் செருகு. பெல்ட் போட்டுக் கம்பியை உருவியபின் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, கால் மணி நேரம் விட்டுவிட்டு, டென்ஷனர் தண்டு வெளியே நீட்டியிருப்பதை அள. 3.8-லிருந்து 4.5 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி. கோடுகளும் மறுபடி சேர்கின்றனவா பார். கையால் சுற்றும்போது எங்காவது கனத்தால் நிறுத்து, பலம் போடாதே.

சுபாருவில் தப்பு நடக்கும் இடம் வேறு. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். கண் நேராக அங்கேதான் போகும். பெல்ட் போடப் பார்க்க வேண்டியது அந்த அம்பு இல்லை, ஸ்ப்ராக்கெட்டின் பின் விளிம்புப் பல்லில் இருக்கும் சின்னக் கோடு. இரட்டைக் கேம் இஜே எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றியதும் இடது பக்கக் கேம்கள் ஸ்பிரிங் அழுத்தத்தில் தாமே துள்ளித் திரும்பக்கூடும். அங்கே விரலை வைக்காதே, கேமைக் கண்டபடி சுற்றவும் சுற்றாதே. வால்வோடு வால்வே முட்டும். 

ஹோண்டா பி வரிசை எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றும், இங்கே பெயர் சொன்ன மற்றவை வலஞ்சுழி. பெல்ட் கழன்றிருக்கும்போதே வாட்டர் பம்ப், ஐட்லர்கள், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் மாற்று. சீலில் கசியும் எண்ணெய் புது பெல்ட்டையும் தின்றுவிடும்.

7. வேகத்தைக் கூட்டுவதற்கு முன் நிற்பதைக் கூட்டு. 

பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பெடல் பஞ்சாகிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பழைய திரவம்தான். டாட் 4 புதிதாக ஊற்றி, காற்றெடுக்கும் வரிசையைப் புத்தகத்தில் பார்த்துச் செய். வரிசை காருக்குக் கார் மாறும். டாட் 5 என்பது சிலிகோன். அதை மற்றதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் இனம்.

கைப்பிரேக்கோடு சேர்ந்த பின் காலிப்பரில் பிஸ்டனை அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதே. ஹோண்டா, நிஸ்ஸானில் பலவற்றில் அதைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகு நாசமாகும். பெரிய காலிப்பர் போட்டுவிட்டுப் பழைய சின்ன மாஸ்டர் சிலிண்டரையே விட்டால் பெடல் ஆழமாகப் போகும். ஹாஃப்-கட் வாங்கும்போது மாஸ்டரையும் பூஸ்டரையும் சேர்த்தே கேள்.

8. பழைய எஞ்சினை வாங்குவதற்கு முன் அள. 

கடையில் பேட்டரி கொடுத்துச் சுற்றிப் பார்க்கக் கேள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போ. நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். 4ஜி63 டர்போவில் ஒரு பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது, ஹோண்டா இரண்டு பார்வரை ஒப்புக்கொள்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஆர்எக்ஸ்-7-இன் ரோட்டரி எஞ்சினுக்குச் சாதாரண கேஜ் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கருவி உள்ளவரிடம் கொடுத்துப் பார்க்காமல் வாங்காதே.

தொண்ணூறுகளின் மிட்சுபிஷி ஈசியுவைத் திறந்து பார்க்க அனுமதி கேள். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வயதாகிக் கசிந்து, பலகையின் செம்புக் கோடுகளை அரித்திருக்கும். திறந்ததும் மீன் வாடை போல ஒன்று வரும். ஐடில் ஏறி இறங்குவது, செக் எஞ்சின் விளக்கு எரியவே எரியாமல் இருப்பது, இவற்றுக்கெல்லாம் அதுவே வேராக இருக்கலாம். ஆரம்பத்திலேயே பார்த்தால் மின்தேக்கிகளை மாற்றிக் காப்பாற்றலாம்.

டர்போவின் சக்கரத்தை விரலால் ஆட்டு. பக்கவாட்டில் துளி அசைவு இருக்கலாம், முன்னும் பின்னும் அசையக் கூடாது. சக்கர நுனி உறையில் உரசிய தடம் இருந்தால் வேண்டாம்.

9. பூஸ்ட் கூட்டுவதற்கு முன் பெட்ரோல் பங்க்கை நினை. 

ஜப்பானில் இந்த டர்போ கார்கள் எல்லாம் ஹை-ஆக்டேன் போடச் சொல்லி வந்தவை. அங்கே அந்தப் பெயரில் விற்பது ஏறக்குறைய ஆர்ஓஎன் 100. அந்த ஈசியுவை அப்படியே இங்கே கொண்டுவந்து ஆர்ஓஎன் 95 ஊற்றி, அதன்மேல் பூஸ்ட்டும் கூட்டினால் நாக் வரும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். இரைச்சலான எக்ஸாஸ்ட் இருந்தால் அது காதில் விழாது. பிஸ்டன் விளிம்பு உடைந்தபின்தான் தெரியும். 97-க்குக் குறையாமல் போடு, பூஸ்ட்டைத் தொடுவதாக இருந்தால் முதலில் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் வை.

பல நேரம் பூஸ்ட் குறைவாக இருப்பதற்குக் காரணம் டர்போ சின்னது என்பது இல்லை, எங்கோ காற்று ஒழுகுகிறது. டர்போவின் வாயை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றுக் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தெளி. குமிழி வரும் இடத்தில் கிளாம்பை மாற்று. இந்தச் சோதனைக்குப் பிறகு பெரிய டர்போ வாங்கும் எண்ணத்தையே விட்டவர்கள் உண்டு.

10. திரவங்களையும் டயரையும் பற்றிச் சுருக்கமாக. 

கியர் ஆயிலில் ஜிஎல்-5 என்றால் ஜிஎல்-4-ஐவிட உயர்ந்தது என்று எண்ணாதே. பித்தளை சின்க்ரோ உள்ள சில கியர்பாக்ஸ்களுக்கு அது கேடு. ஆனால் சுபாரு கேட்பது ஜிஎல்-5. ஹோண்டா தன் எம்டிஎஃப் ஒன்றையே கேட்கிறது. வெவ்வேறு நிறக் கூலன்ட்டைக் கலக்காதே. நான்கு சக்கரமும் இழுக்கும் எவோ, இம்ப்ரெஸா, ஜிடி-ஆர் என்றால் நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் நடு டிஃபரென்ஷியல், ஜிடி-ஆர் என்றால் டிரான்ஸ்ஃபர் கிளட்ச், ஓயாமல் உழைத்துச் சூடாகும். வண்டி பழுதானால் நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

11. எஞ்சின் மாற்றம்: ஆசைக்கு முன் பட்டியல். 

புரோட்டோன் வீராவும் எவோ 1, 2, 3-உம் ஒரே தலைமுறை லான்சரின் பிள்ளைகள். அதனால்தான் எவோ 3-இன் 270 குதிரைத்திறன் எஞ்சினை வீராவில் இறக்கும் ஆசை இந்த நாட்டில் தலைமுறை தாண்டியும் நிற்கிறது. எஞ்சின் உட்காரும், உண்மைதான். ஆனால் எஞ்சினோடு முடிவதில்லை. ரேடியேட்டர், இன்டர்கூலர், பெட்ரோல் பம்ப், பிரேக், ஹப், டிரைவ்ஷாஃப்ட், ஒயரிங் எல்லாம் தொடர்ந்து வரும். நான்கு சக்கர இழுவையும் வேண்டுமென்றால் பின்பக்கத் தரையையே மாற்றும் வெல்டிங் வேலை. அது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை.

ஒயரிங்கை வெட்டி முறுக்கி டேப் சுற்றாதே. இரண்டு காரின் ஒயரிங் வரைபடத்தையும் பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு முனைக்கும் எண் போட்டு எழுதி, கிரிம்ப் செய்து, ஹீட்-ஷ்ரிங்க் போடு. ஒரு வாரம் கூடுதலாகும். அந்த ஒரு வாரம்தான் பிற்பாடு மழையில் நெடுஞ்சாலையில் அணைந்துபோகாமல் உன்னைக் காக்கும்.

சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும், புஸ்பாகோம் வாகனச் சோதனையும், கிராண்ட் என்ற பதிவுப் பத்திரத்தில் புது எஞ்சின் எண்ணும், இன்சூரன்ஸுக்குத் தகவலும் வேலை தொடங்குவதற்கு முன்பே திட்டத்தில் இருக்கட்டும். எஞ்சின் வாங்கிய ரசீதும் இறக்குமதிப் பத்திரமும் கொடுக்காத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதே. சொல்லாமல் மாற்றிய எஞ்சினோடு விபத்தில் சிக்கினால் உன் குடும்பம்தான் கடன் கட்டும்.

12. கழற்றிய பாகத்தை எறியாதே. 

இப்போது அந்த ஒரிஜினல் ஏர்பாக்ஸ் உனக்குக் குப்பையாகத் தெரியும். நிஸ்ஸான் 2017 டிசம்பரில் ஆர்32 ஜிடி-ஆர் பாகங்களை மறுபடி விற்கத் தொடங்கி, பிறகு ஆர்33, ஆர்34-க்கும் நீட்டியது. டொயோட்டா 2020-இல் ஏ70, ஏ80 சுப்ராவுக்கு அதையே செய்தது. தேவை அவ்வளவு இருக்கிறது, சரக்கு அவ்வளவு குறைவு. சுத்தம் செய்து, பெயர் எழுதிப் பையில் கட்டி, போல்டுகளோடு சேர்த்து வை.

13. முதல் ஸ்டார்ட். 

எஞ்சினைத் திறந்து மூடியபின் சாவியை ஒரேயடியாகத் திருப்பாதே. பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் பிரஷர் எழும்வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்று. டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாயை நிரப்பிவிட்டுப் பொருத்து. பிறகு பிளக்குகளைப் போட்டுக் கிளப்பி, ஐடிலில் விட்டு, டார்ச் அடித்து எல்லா இணைப்பையும் பார். எண்ணெய் கசிந்தால் உடனே அணை. கிளப்புவதற்கு முன்பே ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்து, காற்றெடுக்கும் போல்ட் இருந்தால் அதையும் தளர்த்திக் கூலன்ட் ஊற்றியிருக்க வேண்டும். மின்விசிறி இரண்டு முறை ஓடி அணையும்வரை பக்கத்திலேயே நில். முதல் ஓட்டம் பக்கத்துத் தெருக்களோடு இருக்கட்டும், பூஸ்ட் ஏறாமல். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார். கூலன்ட் அளவை மறுநாள் காலையில், எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு பார். உள்ளே சிக்கியிருந்த காற்று இரவில் வெளியேறியிருந்தால் அளவு இறங்கியிருக்கும். நிரப்பிவிட்டு அதற்கடுத்த நாளும் பார்.